சீலிங் டைல் போட்டால் வீட்டுச் சத்தம் குறையுமா? ஈப்போ வரிசை வீடுகளில் எது பலன் தரும், எது பணவிரயம்?

மத்தியானம் மூன்று மணிக்கு ஈப்போவில் மழை பிடித்துவிட்டால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டிவியின் சத்தத்தைக் கூட்டுவீர்கள். மழை விட்ட பிறகு குறைக்க மறந்துவிடுவீர்கள். அடுத்து பக்கத்து வீட்டில் கரவோக்கே ஆரம்பிக்கும். இரவு வேலை முடிந்து வந்து பகலில் தூங்க வேண்டியவர் புரண்டு புரண்டு படுத்திருப்பார்.

இந்த நேரத்தில்தான் யாராவது ஒருவர் சொல்வார்: "ஆபீஸ்ல இருக்கிற மாதிரி சீலிங் டைல் போட்டுடுங்க, சத்தமே கேக்காது."

அது பாதி உண்மைதான். ஆனால் எந்தப் பாதி உண்மை என்று தெரியாமல் ஹார்ட்வேர் கடைக்குப் போனால், ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவான பிறகும் பக்கத்து வீட்டுப் பாட்டு அப்படியே கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்த டைல் என்னதான் செய்கிறது?

அலுவலகங்களிலும் கிளினிக்குகளிலும் தலைக்கு மேலே பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சதுரங்கள், அவற்றில் பூச்சி அரித்ததுபோல சின்னச் சின்னத் துளைகள். இரும்புச் சட்டத்தில், அதாவது டி-பாரில், சும்மா உட்கார்ந்திருக்கும். தூக்கினால் கையோடு வந்துவிடும். பெரும்பாலும் மினரல் ஃபைபர் எனப்படும் தாது நாரையும் மாவுப்பொருளையும் கலந்து அழுத்திச் செய்தவை. கண்ணாடி நாரில் செய்த டைல்களும் உண்டு.

துளைகள் அழகுக்காக இல்லை. காற்றில் வரும் ஒலி அந்த நார்களுக்குள் நுழைந்து, உரசி, மிகச் சிறிய அளவு வெப்பமாக மாறி அடங்கிவிடுகிறது. சிமெண்ட் சுவரில் பட்டால் அதே ஒலி பந்துபோலத் திரும்பி வரும். மார்பிள் தரை, கண்ணாடிச் சன்னல், பூசிய சுவர், மேலே சிமெண்ட் பலகை என்றிருக்கும் நம் வீட்டு ஹாலில் ஒரு சொல் சொன்னால், அது பல முறை சுவருக்குச் சுவர் மோதிய பிறகுதான் ஓய்கிறது.

ஆக, டைல் செய்வது உறிஞ்சும் வேலை, தடுக்கும் வேலை இல்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பஞ்சுத் தலையணை தண்ணீரை உறிஞ்சும், ஆனால் அதை வைத்து வெள்ளத்துக்கு அணை கட்ட முடியாது. ஒலியைத் தடுக்க எடை வேண்டும், இடைவெளி இல்லாத மூடல் வேண்டும். ஒரு சதுர மீட்டர் சீலிங் டைல் சில கிலோ எடைதான் இருக்கும். உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே உள்ள பூசிய செங்கல் சுவரோ சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்கும் மேல்.

மெத்தையைக் கடன் வாங்கிய பேராசிரியர்

உறிஞ்சுவதற்கு ஒரு கணக்கு உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த வாலஸ் கிளமென்ட் சபைன். 1895இல் அங்கு புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அரங்கில் பேராசிரியர் பேசுவது மாணவர்களுக்குப் புரியவில்லை. ஒரு சொல்லின் முழக்கம் ஓய ஐந்து விநாடிக்கும் மேல் ஆனது. அதற்குள் அடுத்த பல சொற்கள் வந்து அதன்மேல் ஏறிக்கொண்டன.

சபைன் என்ன செய்தார் தெரியுமா? இரவு நேரத்தில் உதவியாளர்களோடு பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓர் ஆர்கன் குழாயை ஊதி, ஒலி எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று அளந்தார். மெத்தைகளைக் கூட்டக் கூட்ட நேரம் குறைந்தது. விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிட வேண்டும்.

அந்த இரவுகளிலிருந்து கிடைத்த சூத்திரத்தைத்தான் இன்றும் பொறியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், முழக்கம் அடங்க எத்தனை விநாடி ஆகும் என்று தெரியும்.

பிறகு 1920களில் அமெரிக்காவில் கரும்புச் சக்கையை அழுத்தித் துளையிட்டு ஒலி உறிஞ்சும் டைல்களைச் செய்து விற்றார்கள். மினரல் ஃபைபர் பரவியது அதற்குப் பிறகு.

உங்கள் ஹாலுக்கு அதே கணக்கு

ஒரு சாதாரண வரிசை வீட்டின் ஹாலை எடுத்துக்கொள்வோம். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கன அளவு 72. ஒரு சோபா, ஒரு மெல்லிய திரைச்சீலை, இரண்டு பேர். இவை எல்லாம் சேர்ந்து தோராயமாக 8 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு என்று வைத்தால், முழக்கம் ஏறக்குறைய ஒன்றரை விநாடி. வசிக்கும் அறைக்கு இது அதிகம்.

இப்போது சீலிங் முழுக்க, அதாவது 24 சதுர மீட்டருக்கு, தன்மேல் படும் ஒலியில் 70 சதவீதத்தை உறிஞ்சும் டைல் போடுகிறோம். மொத்த உறிஞ்சும் பரப்பு 24ஐத் தாண்டும். முழக்கம் அரை விநாடிக்கு வந்துவிடும். அறைக்குள் சத்தத்தின் அளவும் சுமார் 5 டெசிபல் இறங்கும். இது காதுக்கு நன்றாகவே தெரியும் மாற்றம்தான், ஆனாலும் சத்தம் பாதியாகிவிட்டது போலத் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும்.

சுவாரஸ்யமான விஷயம் இனிதான். சீலிங்கில் பாதிக்கு மட்டும் டைல் போட்டால்? முழக்கம் முக்கால் விநாடிக்குக் கீழே வரும், சத்தம் 3 டெசிபல் குறையும். பாதிச் செலவில் பாதிக்கும் மேல் பலன். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

யாருக்கு இது உண்மையில் உதவும்?

பேச்சுத் தெளிவு முக்கியமாக உள்ளவர்களுக்கு. முதலில் வயதானவர்களுக்கு. காது கொஞ்சம் மந்தமானவர்களுக்கு முழங்கும் அறையில் பேச்சைப் பிரித்துக் கேட்பது ரொம்பக் கஷ்டம். காதில் மாட்டும் கருவி பேச்சையும் முழக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கிக் கொடுக்கிறது. "தாத்தாவுக்கு டிவி சத்தமா வச்சாத்தான் கேக்குது" என்று சலித்துக்கொள்ளும் வீடுகளில், குறை முழுவதும் தாத்தாவின் காதில் இல்லாமல் இருக்கலாம். அந்த ஹாலிலும் இருக்கலாம்.

அடுத்து, வீட்டிலேயே டியூஷன் நடத்துபவர்கள், வீட்டிலிருந்து போனில் வேலை பார்ப்பவர்கள், தபேலாவோ மிருதங்கமோ கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கும் வீடுகள். இவர்களுக்கெல்லாம் சத்தம் பிறப்பதும் கேட்பதும் ஒரே அறைக்குள். டைலின் இடம் அதுதான்.

லயத்துக் கூரையிலிருந்து தாமான் கூரைக்கு

ஆனால் பேராக்கில் பெரும்பாலானவர்கள் புகார் செய்வது உள்ளே பிறக்கும் சத்தத்தைப் பற்றியல்ல. அடுத்த வீட்டுச் சத்தம், மழைச் சத்தம், சாலைச் சத்தம். இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது.

1877இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகள் இந்த மாநிலத்தின் முகத்தையே மாற்றின. அவற்றில் ஒரு மரத்தை இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் பார்க்கலாம். சுங்கை சிப்புட், தாப்பா, பாகான் செராய் வட்டாரத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் வாழ்ந்தது லயத்து வீடுகளில். பழைய லயங்கள் பலவற்றில் வீட்டுக்கு வீடு தடுப்புப் பலகை மட்டும்தான். அது கூரைவரை போகாது. மேலே ஒரே கூரை, ஒரே காற்று. முதல் வீட்டில் குழந்தை அழுதால் கடைசி வீட்டில் கேட்கும். இரகசியம் பேச வேண்டுமென்றால் ரப்பர் மரத்தடிக்குத்தான் போக வேண்டும்.

அத்தாப்புக் கூரை இருந்தவரை மழைச் சத்தம் ஒரு பிரச்சினையே இல்லை. ஓலை மழைத்துளியை அமைதியாக வாங்கிக்கொள்ளும். தகரம் வந்த பிறகுதான் மழை முரசு கொட்ட ஆரம்பித்தது. (அத்தாப்பு ஒழுகும், தீப்பிடிக்கும், பூரான் விழும். பழையதெல்லாம் பொன் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை.)

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய் செம்பனை வந்தது, தாமான்கள் எழுந்தன. குடும்பங்கள் விலை குறைந்த வரிசை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தன. பலகைத் தடுப்பு போய் செங்கல் சுவர் வந்தது. அப்புறம் ஏன் இன்னும் பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்கிறது?

சத்தம் சுவர் வழியாக வரவில்லை

பல வீடுகளில் பதில் இதுதான். 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டட துணைவிதிகளின்படி இரு வீட்டுக்கும் பொதுவான சுவர் கூரையைத் தாண்டி மேலே எழுந்திருக்க வேண்டும். முக்கியக் காரணம் தீ. ஒரு வீட்டுத் தீ கூரை வழியாக அடுத்த வீட்டுக்குத் தாவக் கூடாது. ஆனால் பழைய வீடுகளிலும், பலமுறை மாற்றிக் கட்டிய வீடுகளிலும் சீலிங்குக்கு மேலே அந்தச் சுவரில் ஓட்டை இருக்கலாம். உத்திரம் நுழைந்த இடம், வயர் இழுத்த இடம், கொத்தனார் பூசாமல் விட்ட இடம். கீழே நின்று பார்த்தால் தெரியாது.

ஓட்டை சிறியதுதானே என்று நினைக்காதீர்கள். ஒரு சுவர் 40 டெசிபல் தடுக்கும் என்று வைப்போம். அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மொத்தத் தடுப்பு 20 டெசிபலுக்கு மேல் போகாது. மீதி 99 பங்கு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அதே கதிதான்.

ஆகவே டைல் வாங்குவதற்கு முன், டார்ச் விளக்கோடு ஒருவரைச் சீலிங்குக்கு மேலே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டையைச் செங்கல்லும் சாந்தும் வைத்து அடைப்பது, சீலிங் முழுவதையும் மாற்றுவதைவிட எத்தனையோ மடங்கு மலிவு. தீப் பாதுகாப்பும் கூடவே கிடைக்கும்.

இன்னொரு வழி சன்னல். பழைய மலேசிய வீடுகளில் சன்னலுக்கு மேலே காற்றுத் துளைக் கற்கள் இருக்கும். சன்னலோ பட்டைப் பட்டையாகத் திறக்கும் நாக்கோ கண்ணாடி. வெப்பத்துக்கு இவை அருமையான ஏற்பாடு, ஒலிக்குத் திறந்த கதவு. மோட்டார் சைக்கிள் சத்தமும் வெடிச் சத்தமும் இங்கிருந்துதான் வருகின்றன. இதை விட்டுவிட்டு சீலிங்கை மாற்றினால் தெருச் சத்தம் கொஞ்சம் மழுங்கும், அவ்வளவுதான். படுக்கையறையில் மட்டுமாவது துளைக் கற்களை உள்பக்கம் பலகை வைத்து அடைத்து, சன்னலை ரப்பர் பட்டையோடு இறுக்கமாக மூடும் வகைக்கு மாற்றலாம். ஆனால் காற்றோட்டம் போய்விடும், ஏர்கோன் தேவைப்படும், மின்கட்டணம் ஏறும். இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

படுக்கையறைக்குள் 30 டெசிபலுக்கு மேல் தொடர் சத்தம் இருந்தால் தூக்கம் பாதிக்கப்படலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. மெதுவாகக் கிசுகிசுக்கும் அளவுதான் அது.

மழைச் சத்தத்துக்கு என்ன வழி?

இங்கே சீலிங்குக்கு உண்மையிலேயே வேலை உண்டு, ஆனால் டைல் மட்டும் போதாது.

தகரக் கூரையில் துளி விழும்போது தகடே அதிர்ந்து ஒலிபெருக்கியாக மாறுகிறது. ஆய்வகத்தில் மழைச் சத்தத்தைச் சோதிக்க ஒரு பன்னாட்டு முறை இருக்கிறது. மணிக்கு 40 மில்லிமீட்டர் மழை, 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளிகள். தைப்பிங்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும்.

சத்தத்தைப் பிறக்கும் இடத்திலேயே அடக்குவதுதான் சிறந்தது. கூரை மாற்றும் வேலை எப்படியும் நடக்கிறதென்றால், தகட்டுக்கு அடியிலேயே ஒட்டினாற்போல 50 மில்லிமீட்டர் ராக்வூல் அல்லது கிளாஸ்வூல் விரிக்கச் சொல்லுங்கள். தகட்டின் அதிர்வை அது அமுக்கிவிடும். கூரையைத் தொட முடியாது என்றால், சீலிங்குக்கு மேலே அதே கம்பளியைப் பரப்பலாம். கீழே டைலுக்குப் பதிலாக எடை கூடிய ஜிப்சம் பலகையை இடைவெளி இல்லாமல் அடித்தால் பலன் இன்னும் கூடும். பகல் வெப்பமும் குறையும்.

வெள்ளிபோல மினுங்கும் அலுமினியத் தாளை மட்டும் கூரைக்கு அடியில் போட்டு "சத்தத்துக்கும் நல்லது" என்று சிலர் விற்கிறார்கள். அது வெப்பத்துக்கு நல்லது. எடையும் இல்லை, நாரும் இல்லை. மழைச் சத்தத்தை அது பெரிதாக ஒன்றும் செய்யாது.

ஓட்டுக் கூரை வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஓடு கனமானது.

அடுக்குமாடியில் மேல்வீட்டுச் சத்தம்

நாற்காலி இழுப்பது, பிள்ளைகள் குதிப்பது, லெசோங்கில் சம்பல் இடிப்பது. இவை காற்றில் வருவதில்லை, கான்கிரீட் வழியாகவே இறங்கி வருகின்றன. தளத்தில் மட்டுமல்ல, சுவரிலும் இறங்கும். உங்கள் சீலிங்கில் டைல் தொங்கவிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். இந்தச் சத்தத்தை மேல்வீட்டில்தான் அடக்க முடியும்: நாற்காலிக் கால்களுக்குக் கம்பளத் துண்டு, லெசோங்குக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு.

ரப்பர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் பார்க் பாதாள ரயில் நிலையத்துக்கு மேலேயே ஆல்பனி கோர்ட் என்ற குடியிருப்பைக் கட்டினார்கள். 1966இல். ரயிலின் அதிர்வு வீடுகளுக்குள் ஏறாமல் இருக்க, முழுக் கட்டடத்தையும் இயற்கை ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார வைத்தார்கள். நம் ஆட்கள் பால் வெட்டி எடுத்த அதே வகைப் பொருள்தான் அங்கே ஒரு கட்டடத்தையே அமைதிப்படுத்துகிறது. லெசோங் எம்மாத்திரம்?

மேல்வீட்டுக்காரர் காது கொடுக்கவில்லை என்றால், அடுக்குமாடிகளுக்கு 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் இருக்கிறது. தொந்தரவு பற்றி உங்கள் கட்டட நிர்வாகக் குழுவிடம் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். தரை வீட்டுக்காரர்கள் ஈப்போ மாநகர் மன்றத்தையோ தங்கள் வட்டார மன்றத்தையோ அணுகலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தட்டு முறுக்கோடு போய்ப் பேசிப் பார்ப்பதில் தவறில்லை.

பழைய சீலிங்கை உடைப்பதற்கு முன், ஒரு நிமிடம்

சத்தத்தைவிடப் பெரிய விஷயம் இது. தயவுசெய்து இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

பழைய வீடுகளின் சீலிங்கில் தட்டையான சாம்பல் அல்லது வெள்ளைப் பலகைகள் இருக்கும், ஓரங்களில் மரச்சட்டம் அடித்திருக்கும். அவற்றில் பல அஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட் பலகைகளாக இருக்க வாய்ப்புண்டு. இது ஈப்போவுக்கு அந்நியமான பொருளும் இல்லை. தாசேக் பகுதியில் இருந்த யுஏசி நிறுவனத்தின் பழைய பெயரே யுனைடெட் அஸ்பெஸ்டாஸ் சிமெண்ட். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க விரும்பி வாங்கிய பொருள் அது. மலிவு, தீப்பிடிக்காது, கறையான் அரிக்காது. பின்னாளில் அந்த நிறுவனமும் அஸ்பெஸ்டாஸ் இல்லாத நார் சிமெண்ட் பலகைகளுக்கு மாறிவிட்டது.

எல்லா வகை அஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பலகை உடையாமல், நொறுங்காமல், சும்மா மேலே இருக்கும்வரை ஆபத்து குறைவு. அறுத்தாலோ, துளையிட்டாலோ, சுத்தியால் உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார்த்துகள் காற்றில் கலக்கும். நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நோய் தெரிய இருபது, முப்பது வருடம்கூட ஆகலாம்.

பார்வையால் மட்டும் அஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, "நான் முப்பது வருஷமா இந்த வேலை செய்றேன்" என்று சொல்பவராலும் முடியாது. ஆய்வகச் சோதனைதான் வழி. இன்னொன்று: புது டைல் சட்டத்தைத் தொங்கவிட பழைய பலகையில் துளை போட்டுத்தான் கம்பி இறக்குவார்கள். "பழசை எடுக்கவே வேண்டாம், கீழே புதுசு போட்டுடலாம்" என்று சொன்னாலும் தூசி கிளம்பத்தான் செய்யும். ஆகவே சோதனை முதலில், வேலை அப்புறம்.

அஸ்பெஸ்டாஸ் கழிவு, மலேசியாவின் 2005ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தர விதிகளில் எஸ்டபிள்யூ 201 என்ற எண்ணில் உள்ள பட்டியலிடப்பட்ட கழிவு. செம்பனைத் தோட்ட ஓரத்தில் லாரியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வரும் குப்பை இல்லை. உங்கள் கான்ட்ராக்டர் உடைத்ததை எங்கே கொண்டுபோகப் போகிறார் என்று கேளுங்கள்.

டைல்தான் போடப் போகிறேன் என்பவர்களுக்கு

சரி, உங்கள் பிரச்சினை ஹாலின் முழக்கம்தான், சீலிங்கிலும் அஸ்பெஸ்டாஸ் இல்லை என்று உறுதியாகிவிட்டது. கடையில் என்ன கேட்க வேண்டும்?

பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். என்ஆர்சி என்பது உறிஞ்சும் திறன். 0.70 என்றால் படும் ஒலியில் சராசரியாக 70 சதவீதம் அடங்கும். சாதாரண ஜிப்சம் பலகைக்கு இது 0.05 அளவில்தான். சிஏசி என்பது, ஒரே சீலிங்கின் கீழ் உள்ள இரண்டு அறைகளில் ஒன்றின் சத்தம் சீலிங்குக்கு மேலே ஏறி அடுத்த அறையில் இறங்குவதை அது எவ்வளவு தடுக்கும் என்பது. நல்ல மினரல் ஃபைபர் டைலில் 35 அளவு இருக்கும். மென்மையான கண்ணாடி நார் டைல் 0.90வரை உறிஞ்சும், ஆனால் தடுப்பதில் பலவீனம். இரண்டும் ஒரே டைலில் உச்சத்தில் கிடைப்பது அரிது.

என்ஆர்சி எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. 250 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையிலான நான்கு சுருதிகளின் சராசரி அது. பேச்சு அதற்குள் அடங்கும். ஸ்பீக்கரிலிருந்து வரும் "டும் டும்" பேஸ் ஒலி அதற்கும் கீழே, 100 ஹெர்ட்ஸுக்கும் கீழே இருக்கிறது. டைலுக்கு அது வருவதே தெரியாது. பெரும்பாலும் அந்த எண்ணை அளப்பது டைலுக்கு மேலே 40 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு. பசை போட்டு கான்கிரீட்டில் நேரே ஒட்டினால் தாழ்ந்த சுருதிகளில் அந்தப் பலன் கிடைக்காது.

நம் ஊர் ஈரப்பதமும் கணக்கில் வர வேண்டும். மலிவான மினரல் ஃபைபர் டைல் ஈரம் குடித்து, தாம்பாளம்போல நடுவில் தொங்கிவிடும். ஈரப்பதத் தாங்குதிறன் 95 சதவீதம் என்றோ அதற்கு மேலோ எழுதியிருப்பதை வாங்குங்கள். கூரை ஒழுகலை முதலில் அடையுங்கள். ஒரு மழை போதும், டைலில் தேநீர்க் கறை மாதிரி வட்டம் விழ.

சாமி அறையில் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் விளக்குக் கரியும் துளைகளில் ஏறி, கொஞ்ச நாளிலேயே மஞ்சளாகிவிடும். கழுவ முடியாது.

தீபாவளிக்குச் சாயம் அடிக்கும்போது இந்த டைலின்மேல் ரோலரை ஓட்டாதீர்கள். துளை அடைபட்டுவிட்டால் அது வெறும் அட்டை.

சீலிங் ஃபேன் விஷயத்தில் ரொம்பக் கவனம். டி-பார் சட்டம் டைலின் எடையைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. ஃபேனை அதில் மாட்டக் கூடாது. மேலே உள்ள கான்கிரீட்டிலோ உத்திரத்திலோ கொக்கி போட்டு, தனியாகக் கம்பியிறக்கி மாட்ட வேண்டும். சட்டத்துக்கு மட்டும் 10 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் போகும். துணைவிதிகளின்படி ஹாலும் படுக்கையறையும் குறைந்தது 2.5 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். பழைய அடுக்குமாடி வீடுகளில் அந்த இடம் இருக்காது.

எண்ணிக்கை எளிது. 600க்கு 600 மில்லிமீட்டர் டைல் ஒன்று 0.36 சதுர மீட்டர். 24 சதுர மீட்டர் ஹாலுக்கு 67 டைல். ஓரங்களில் வெட்டி வீணாவதற்கு இன்னும் ஏழெட்டு சேர்த்து வாங்குங்கள், அதே பெட்டி எண் பிறகு கிடைக்காது.

முட்டை அட்டையும் ஸ்பாஞ்சும்

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கூம்புக் கூம்பான கறுப்பு ஸ்பாஞ்சைச் சுவரில் ஒட்டுவது இப்போது ஒரு மோகம். கொஞ்சம் உறிஞ்சும், ஆனால் எளிதில் பற்றி எரியும் வகைகள் உண்டு. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இரவு விடுதியில் மேடை வாணவேடிக்கையின் பொறி, ஒலிக்காக ஒட்டியிருந்த ஸ்பாஞ்சில் பட்டது. சில நிமிடங்களில் கட்டடம் எரிந்தது, 100 பேர் இறந்தார்கள். தீத்தடுப்புச் சான்று இல்லாத ஸ்பாஞ்சைக் குத்துவிளக்கு ஏற்றும் வீட்டில் ஒட்டுவது பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். முட்டை அட்டை சத்தத்தைத் தடுக்காது, பேச்சையும் உருப்படியாக உறிஞ்சாது, ஆனால் நன்றாக எரியும்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய பிறகும் "ஙீங்" என்று ஓர் ஓசை நீண்டு கேட்டால் அறையில் முழக்கம் இருக்கிறது. அடுத்து, இருக்கிற மெத்தைகள், போர்வைகள், துணி மூட்டைகள் எல்லாவற்றையும் ஹாலுக்குக் கொண்டுவந்து சுவரோரம் சாய்த்து, தரையில் விரித்து வையுங்கள். சபைன் செய்ததேதான், இரவல் மெத்தைக்குப் பதில் சொந்த மெத்தை. அப்படியே ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள்.

டிவியும் பேச்சும் தெளிவாகி, உங்களைத் தொந்தரவு செய்த சத்தம் குறைந்திருந்தால், டைல் உங்களுக்கு உதவும். அல்லது டைல்கூட வேண்டாம், கனமான திரைச்சீலையும் ஒரு நல்ல கம்பளமுமே போதலாம். மெத்தை எல்லாம் வைத்த பிறகும் பக்கத்து வீட்டுப் பாட்டின் வரிகள் தெளிவாகக் கேட்டால், டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு சீலிங்குக்கு மேலே ஆளை ஏற்றும் நேரம் அது.